கடைசித் தேதி யாருக்கு?

வண்டலூரிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் மதுராந்தகம் வரை ஒரு கோடு. கோவளத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கல்பாக்கம் வரை இன்னொரு கோடு. இந்த இரண்டு கோடுகளுக்கு இடையிலும் ஓரத்திலும் உள்ள கல்லூரி வாசல்களை எண்ண இரண்டு கை விரல்கள் போதா. காட்டாங்கொளத்தூரில் எஸ்.ஆர்.எம்., காலவாக்கத்தில் எஸ்.எஸ்.என்., வண்டலூர் கேளம்பாக்கம் சாலையில் வி.ஐ.டி.யின் சென்னை வளாகம், மேலக்கோட்டையூரில் உடற்கல்விப் பல்கலைக்கழகம், புதுப்பாக்கத்தில் அரசு சட்டக் கல்லூரி, செங்கல்பட்டு ஊருக்குள் 1965இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி, மாமல்லபுரத்தில் மரபுக் கட்டடக்கலையும் சிற்பமும் கற்றுத்தரும் அரசுக் கல்லூரி. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான செங்கல்பட்டு, மாணவர்கள் வெளியூரிலிருந்து வந்து இறங்கும் மாவட்டம். அதே மண்ணில்தான் கொக்கிலமேடு, தேவனேரி, சதுரங்கப்பட்டினம் போன்ற மீனவக் குப்பங்களும், ஏரிக்கரை ஓரங்களில் இருளர் குடியிருப்புகளும் இருக்கின்றன. கல்லூரியின் சுற்றுச்சுவர் தெரியும் தூரத்தில் வாழ்வது, உள்ளே போவதற்கு எந்தச் சலுகையும் தருவதில்லை. உள்ளே போகும் வழி விண்ணப்பம், சான்றிதழ், வினாத்தாள், விடைக்குறிப்பு, ரேங்க் பட்டியல், கலந்தாய்வு என்று நீள்கிறது. அந்த வழியில் எங்கோ ஓர் இடத்தில் நிர்வாகம் தவறு செய்தால் என்ன நடக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தவறுகளை வகை பிரித்துப் பட்டியலிடுவது எளிது. அதைவிட முக்கியமானது தவறு நடந்த பிறகு ஓடும் காலம். சேர்க்கை நடைமுறையில் காலம் இரண்டு தரப்புக்கும் ஒரே மாதிரி ஓடுவதில்லை. விண்ணப்பதாரர் சில நிமிடம் தாமதித்தால் கதவு சாத்தப்படுகிறது. நிர்வாகம் தவறைத் திருத்தப் பல மாதம் எடுத்துக்கொண்டால், அந்தத் தாமதமே நிர்வாகத்துக்குக் கேடயமாகிறது: ‘இடங்கள் நிரம்பிவிட்டன, கடைசித் தேதி முடிந்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை.’ 2024 ஜூன் 24 அன்று மாலை 5 மணிக்குள் 17,500 ரூபாய் கட்ட முடியாமல் போனதால் தன்பாத் ஐ.ஐ.டி.யில் கிடைத்த மின்பொறியியல் இடத்தை இழந்தார் உத்தரப் பிரதேசத்தின் ஒரு தினக்கூலித் தொழிலாளியின் மகன். அந்த ஆண்டு தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் சென்னை உயர் நீதிமன்றம் வரை வந்து, பிறகு டெல்லிக்குப் போய், செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றத்தின் உத்தரவால் கூடுதலாக உருவாக்கப்பட்ட ஓர் இடத்தைப் பெற்றார். நிமிடக் கணக்கில் நேர்ந்த தாமதத்தைச் சரிசெய்ய மூன்று மாதத்துக்கு மேல் அலைய வேண்டியிருந்தது. இதை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு, 2018இன் நீட் தேர்வை மறு தட்டில் வைத்துப் பார்க்க வேண்டும்.

2018 மே 6 அன்று நடந்த அந்தத் தேர்வைத் தமிழில் எழுதியவர்கள் 24,720 பேர். தேர்வை நடத்தியது சி.பி.எஸ்.இ. தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழைகள் இருப்பதாக மாநிலங்களவை உறுப்பினராக இருந்த டி.கே. ரங்கராஜன் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குத் தொடர்ந்தார். சிறுத்தை என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கிலச் சொல்லே உருக்குலைந்து ‘சீத்தா’ என்று அச்சாகியிருந்தது. அரசுப் பள்ளியின் உயிரியல் பாடநூலில் சிறுத்தை என்று படித்த பிள்ளைக்குச் சீத்தா என்பது சீதாப்பழ மரத்தைத்தான் நினைவூட்டும். ஜூலை 10 அன்று மதுரைக் கிளை, கேள்விக்கு 4 மதிப்பெண் வீதம் 196 மதிப்பெண்ணைத் தமிழில் எழுதிய எல்லோருக்கும் வழங்கச் சொன்னது. பத்தே நாளில், ஜூலை 20 அன்று, உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. நவம்பர் 22 அன்று அந்தத் தீர்ப்பையே ரத்து செய்தது. தேர்வு நாளிலிருந்து கணக்கிட்டால் சரியாக 200 நாள். அதற்குள் மருத்துவக் கல்லூரிகளில் முதலாண்டு வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன.

உச்ச நீதிமன்றத்தின் கவலையில் நியாயம் இருந்தது என்பதை மறுக்க முடியாது. 49 கேள்விகளில் 30க்குச் சரியாக விடையளித்த ஒரு மாணவருக்கு அந்த 120 மதிப்பெண்ணோடு 196ஐயும் சேர்த்தால், அவர் எழுதாத தேர்வுக்கும் மதிப்பெண் பெறுகிறார். ஆங்கிலத்தில் எழுதியவர் எந்தத் தவறும் செய்யாமலேயே பின்னுக்குத் தள்ளப்படுகிறார். எல்லோருக்கும் ஒரே அளவாக அள்ளிக் கொடுப்பது, பிழையால் யார் எவ்வளவு இழந்தார்கள் என்ற கேள்விக்கு விடையாகாது. ஆனால் அதே வழக்கில் சி.பி.எஸ்.இ. தரப்பு நம்பியிருந்த வாதத்தையும் எடைபோட வேண்டும். வினாத்தாள் இருமொழியில் இருந்தது, ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்று விதியில் சொல்லப்பட்டிருந்தது, ஆகவே மாணவர்கள் ஆங்கிலத்தைப் பார்த்திருக்கலாம் என்பது அந்த வாதம். அன்றைய தேர்வு 3 மணி நேரத்தில் 180 கேள்வி. கேள்விக்கு ஒரு நிமிடம். எந்தக் கேள்வியில் பிழை இருக்கிறது என்று முன்கூட்டித் தெரியாத ஒருவர், ஐயத்தைத் தீர்க்க ஒவ்வொன்றையும் இரண்டு மொழியிலும் படித்தாக வேண்டும். ஆங்கிலத்தில் எழுதியவருக்கு இருந்த ஒரு நிமிடம் தமிழில் எழுதியவருக்கு அரை நிமிடமாகிறது. தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிக்கப்படும் தேர்வில், கேள்வியின் பொருளே நிச்சயமில்லாதபோது விட்டுவிடுவதா எழுதுவதா என்ற தயக்கமும் சேர்கிறது. தமிழில் எழுதலாம் என்று அனுமதித்துவிட்டு, தமிழில் பிழை வந்தால் ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்று சொன்னால், கொடுத்த அனுமதிக்கு என்ன பொருள்?

196 மதிப்பெண் தவறான மருந்து என்றால் சரியான மருந்து எது? பாதிக்கப்பட்டவர்களுக்கு மறுதேர்வு, அல்லது அந்தக் கேள்விகளைத் தனியே பிரித்து மதிப்பிடுவது என்று வழிகள் இருந்தன. அவற்றுக்கெல்லாம் வேண்டியது காலம். தேர்வு முடிந்த மே 6க்கும் முடிவு வெளிவந்த ஜூன் 4க்கும் நடுவில் 29 நாள் இருந்தது. பிழையான வினாத்தாள் அச்சில் இருந்தது. தமிழ் தெரிந்த ஒரு பாட ஆசிரியர் ஓரிரு நாளில் கண்டுபிடித்துவிடக்கூடிய பிழைகள் அவை. அந்த 29 நாளைப் பயன்படுத்தாமல் விட்டதால், நீதிமன்றத்தின் முன் இரண்டே வழிகள் மிஞ்சின: எல்லோருக்கும் கொடுப்பது, யாருக்கும் கொடுக்காமல் விடுவது. முதல் வழி அநியாயம் என்று சொல்லி இரண்டாவது வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. இந்த இரண்டும் மட்டுமே மிஞ்சும் நிலைக்கு நாள்களைக் கடத்தியது மாணவர்கள் இல்லை.

அதே ஆண்டில் இன்னொரு தவறும் நடந்தது. தமிழ்நாட்டில் போதிய மையங்கள் ஒதுக்கப்படாததால் இங்குள்ள மாணவர்கள் பலர் எர்ணாகுளம் உள்ளிட்ட வெளிமாநில ஊர்களுக்குப் போய் எழுத நேர்ந்தது. மகனை எர்ணாகுளத்துக்கு அழைத்துச் சென்ற திருவாரூர் மாவட்டத்துத் தந்தை ஒருவர், மகன் தேர்வு எழுதிக்கொண்டிருந்த நாளில் அங்கேயே இறந்துபோனார். தமிழ்நாடு அரசு ரயில் கட்டணமும் 1,000 ரூபாயும் தருவதாக அறிவித்தது. மூன்று ஆண்டு கழித்து, 2021இல், தமிழ்நாட்டின் தேர்வு நகரங்கள் 14இலிருந்து 18ஆக உயர்ந்தன. அப்போது சேர்க்கப்பட்ட நான்கில் செங்கல்பட்டும் ஒன்று. இன்று திருக்கழுக்குன்றத்து மாணவி அரை மணிப் பயணத்தில் தேர்வு நகரத்தை அடைய முடிகிறது. தவறு திருந்தியது உண்மை. திருந்தியது அடுத்தவர்களுக்கு. சேர்க்கைத் தவறுகளின் வரலாற்றில் இது திரும்பத் திரும்ப வரும் காட்சி: பாதிக்கப்பட்ட ஆண்டின் மாணவர்கள் விலை கொடுக்கிறார்கள், பிந்தைய ஆண்டின் மாணவர்கள் பயன் பெறுகிறார்கள்.

தவறைக் கண்டுபிடிப்பது யார் என்று பார்த்தால் இன்னொரு செய்தி வெளிப்படுகிறது. 2005 அக்டோபரில் அமெரிக்காவில் நடந்த எஸ்.ஏ.டி. தேர்வில், ஈரப்பதத்தால் விடைத்தாள்கள் விரிந்து, கருவி புள்ளிகளைத் தவறாகப் படித்ததில் 4,411 பேருக்கு மதிப்பெண் குறைந்தது. 2,400க்கு நடந்த அந்தத் தேர்வில் சிலருக்கு 450 வரை குறைந்திருந்தது. இதை வெளிக்கொணர்ந்தது நிர்வாகத்தின் தணிக்கை ஏதும் இல்லை. தங்கள் தாளைக் கையால் திருத்திப் பார்க்கச் சொன்ன இரண்டு மாணவர்கள். செய்தி வெளிவந்த 2006 மார்ச்சில் கல்லூரிகள் சேர்க்கை முடிவுகளை எடுத்துக்கொண்டிருந்தன. அடுத்த ஆண்டு 28.5 லட்சம் டாலரில் வழக்கு முடித்துக்கொள்ளப்பட்டது. நம் நாட்டிலும் இதே கதைதான். உத்தரப் பிரதேச மருத்துவ நுழைவுத் தேர்வின் விடைக்குறிப்பில் இருந்த பிழைகளைப் பாடநூல்களை வைத்து மெய்ப்பித்தவர்கள் மாணவர்கள்தாம். 1983இல் அந்தக் கான்பூர் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம், விடைக்குறிப்பு சரியென்றே கொள்ள வேண்டும், ஆனால் அது தவறென ஐயத்துக்கிடமின்றி மெய்ப்பிக்கப்பட்டால் சரியான விடை எழுதிய மாணவரைத் தண்டிக்கக் கூடாது என்றது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட், தன்பாத் வழக்கில் 2024இல் மாணவருக்கு இடம் கொடுத்தவர் அவருடைய மகன். தந்தை காலத்துக்கும் மகன் காலத்துக்கும் இடையில் 41 ஆண்டு. அந்தக் கேள்வி இன்னமும் நீதிமன்ற வாசலிலேயே தீர வேண்டியிருக்கிறது.

கண்டுபிடிப்பவர் மாணவர் என்றால் அவருக்கு வழிவிட வேண்டும். இன்றைய நடைமுறை அவரிடம் கட்டணம் கேட்கிறது. தேசியத் தேர்வு முகமை வெளியிடும் தற்காலிக விடைக்குறிப்பில் பிழை இருப்பதாக நீட் எழுதியவர் சொல்ல விரும்பினால், கேள்விக்கு 200 ரூபாய் கட்ட வேண்டும்; அது திரும்பக் கிடைக்காது. பிளஸ் டூ விடைத்தாளிலும் நகல் வாங்க ஒரு கட்டணம், மறுகூட்டலுக்கு ஒன்று, மறுமதிப்பீட்டுக்கு ஒன்று. பொறியியல் கலந்தாய்வின் கட்-ஆஃப் கணக்கில் கணிதத்தின் ஒரு மதிப்பெண் முழுதாக ஒன்று, இயற்பியலிலும் வேதியியலிலும் ஒரு மதிப்பெண் அரையாகிறது. ஒரே கட்-ஆஃபில் பலர் நிற்கும்போது பாட மதிப்பெண், பிறந்த தேதி, கடைசியாக ரேண்டம் எண் என்று ஒப்பிட்டு வரிசைப்படுத்துகிறார்கள். இயற்பியல் தாளில் ஓர் ஆசிரியர் கூட்டலில் ஒன்றை விட்டுவிட்டால் அரை மதிப்பெண். அந்த அரை மதிப்பெண், விரும்பிய கல்லூரிக்கும் கிடைத்த கல்லூரிக்கும் இடையிலான தூரமாகிவிடலாம். தன்னுடைய விடைத்தாளைப் பார்ப்பது மாணவரின் உரிமை என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி தீர்ப்பளித்தது. உரிமை என்று ஆனபின், கூட்டல் தவறு என்று மெய்ப்பித்தவருக்குக் கட்டணத்தைத் திருப்பித் தராமல் இருப்பதற்கு என்ன காரணம் சொல்ல முடியும்? கட்டணம் இல்லாவிட்டால் வீண் முறையீடுகள் குவியும் என்பார்கள். குவியட்டும் என்று நான் சொல்லவில்லை. முறையீடு சரியென்று நிரூபணமானால் பணம் திரும்பும் என்ற ஒரு வரி, வீண் முறையீட்டையும் தடுக்கும், நியாயமானவரையும் காக்கும்.

தவறைத் திருத்தும்போதும் யார் தலையில் சுமை இறங்குகிறது என்பதற்கு 2024 நீட் தேர்வின் அணு பற்றிய இயற்பியல் கேள்வி தெளிவான சான்று. பழைய என்.சி.இ.ஆர்.டி. பாடநூலின்படி ஒரு விடையும் புதிய பதிப்பின்படி வேறொரு விடையும் சரியாக இருந்தன. முகமை இரண்டுக்கும் மதிப்பெண் கொடுத்தது. வழக்கில் உச்ச நீதிமன்றம் டெல்லி ஐ.ஐ.டி. நிபுணர்களைக் கேட்டது, அவர்கள் ஒரு விடையே சரி என்றார்கள். நான்கு லட்சத்துக்கு மேற்பட்டோர் ஐந்து மதிப்பெண் இழந்தார்கள். முழு மதிப்பெண் பெற்றவர்களின் எண்ணிக்கை 61இலிருந்து 17ஆகச் சுருங்கியது. அறிவியல்படி அந்த முடிவு சரி. ஆனால் பழைய பதிப்பை வைத்துப் படித்தவர்கள் யாராக இருப்பார்கள்? அக்கா படித்த புத்தகம், பக்கத்து வீட்டு அண்ணன் கொடுத்த புத்தகம், மூர்மார்க்கெட்டில் வாங்கிய புத்தகம் இவற்றோடு படித்தவர்கள் அந்தக் கூட்டத்தில் கட்டாயம் இருப்பார்கள். புத்தகத்தை மாற்றியது ஒரு நிறுவனம், கேள்வியை எழுதியது இன்னொன்று, மதிப்பெண்ணை இழந்தது மூன்றாமவர். அதே ஆண்டு நேர இழப்புக்காகக் கருணை மதிப்பெண் பெற்ற 1,563 பேரின் மதிப்பெண் ரத்தாகி, அவர்களுக்கு ஜூன் 23இல் மறுதேர்வு வைக்கப்பட்டது. 813 பேர் மட்டுமே வந்து எழுதினார்கள். அந்த மறுதேர்வை நான் குறை சொல்லமாட்டேன். 2018இல் முடியாது என்று கைவிடப்பட்டதை 2024இல் சில வாரங்களில் செய்து காட்டியிருக்கிறார்கள் என்பதே அதிலிருந்து கிடைக்கும் பெரிய சான்று.

பெரிய தேர்வுகளின் தவறுகள் செய்தித்தாளில் வருகின்றன. சான்றிதழ் தவறுகள் வருவதில்லை. இந்தக் கடற்கரையின் மீனவர் பிள்ளைகள் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பிரிவுக்கு 20 சதவீதம். இருளர்கள் பழங்குடியினர், அவர்களுக்கு 1 சதவீதம். பிற சாதிச் சான்றிதழ்களைத் தாசில்தார் அலுவலகத்தில் வாங்கிவிடலாம். பழங்குடியினர் சான்றிதழுக்கு வருவாய்க் கோட்டாட்சியர் கையெழுத்து வேண்டும், விசாரணை வேண்டும். பொய்ச் சான்றிதழைத் தடுக்க வந்த கட்டுப்பாடு அது, தேவையானதும்கூட. ஆனால் சேர்க்கை அட்டவணைக்கும் விசாரணைக்கும் தொடர்பே இல்லை. விசாரணை முடியாமல் கோப்பு மேசையில் கிடக்கும்போது கலந்தாய்வு முடிந்துபோகும். சான்றிதழ் இல்லாதவர் பொதுப்பிரிவில் போட்டியிட வேண்டும். முதல் தலைமுறையாகப் பள்ளியை முடித்த ஓர் இருளர் பிள்ளைக்கு அது கதவை மூடுவதற்குச் சமம். வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் பாம்பு நஞ்சிலிருந்துதான் நாட்டின் நஞ்சுமுறிவு மருந்து பெருமளவில் தயாராகிறது. இந்தப் பகுதியின் பாம்பு பிடிக்கும் இருளர் இருவருக்கு 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தது அரசு. அவர்கள் இன்னார் என்று குடியரசுத் தலைவர் மாளிகைக்குத் தெரிந்திருக்கிறது. அவர்களுடைய சமூகத்துப் பிள்ளை இன்னார் என்று உறுதிசெய்ய மட்டும் ஒரு பருவம் போதவில்லை என்றால் அது சட்டத்தின் குறையாக இருக்க முடியாது.

விண்ணப்பதாரரும் தவறு செய்கிறாரே என்பார்கள். செய்கிறார். பிரிவை மாற்றிக் குறிக்கிறார், பிறந்த தேதியில் எண்ணை மாற்றுகிறார், விருப்பப் பட்டியலைப் பூட்ட மறக்கிறார். ஆனால் இந்தக் கடற்கரைப் பகுதியில் விண்ணப்பம் எங்கே நிரப்பப்படுகிறது என்று பார்க்க வேண்டும். பிரவுசிங் சென்டரில், இ-சேவை மையத்தில், வரிசையில் இருபது பேர் நிற்க, விசைப்பலகைக்கு முன் அமர்ந்திருப்பவர் கேட்டுக் கேட்டு அடிக்கிறார். படிவத்தின் மொழி ஆங்கிலம். மாணவரின் பெயரில் நேரும் தவறுகளில் எத்தனையோ மாணவரின் கையால் நேர்ந்தவை இல்லை. அப்படியே அவர் கையால் நேர்ந்திருந்தாலும், பதினேழு வயதுப் பிள்ளையின் எழுத்துப் பிழைக்கும், பல நிபுணர்களையும் அச்சகத்தையும் மென்பொருளையும் கையில் வைத்திருக்கும் நிறுவனத்தின் பிழைக்கும் ஒரே தண்டனை இருந்தால்கூடப் பொறுக்கலாம். இங்கே முன்னவருக்கு மட்டும்தான் தண்டனை.

லட்சக்கணக்கானோர் எழுதும் தேர்வில் சில தவறுகள் நேரத்தான் செய்யும் என்பது அடுத்த மறுப்பு. நேரும், மறுக்கவில்லை. 2009 மார்ச்சில் சான் டியேகோவின் கலிபோர்னியப் பல்கலைக்கழகம், இடம் மறுக்கப்பட்ட சுமார் 28,000 பேருக்கும் சேர்த்து வரவேற்பு மின்னஞ்சலை அனுப்பிவிட்டது. சில மணி நேரத்தில் மன்னிப்புக் கேட்டது. அந்தச் சில மணி நேர மகிழ்ச்சி எத்தனை வீடுகளில் எப்படி முடிந்தது என்பதை எண்ணிப் பார்த்தால் வலிக்கும். ஆனாலும் யாருடைய இடமும் அதனால் பறிபோகவில்லை. தவறின் அளவைப் பெறுநர் எண்ணிக்கையால் அளப்பது சரிவராது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. 28,000 பேரைத் தொட்ட அந்தத் தவறைவிட, ஒரே ஒரு மாணவரின் ஓராண்டைத் தின்ற தவறு பெரிது. அந்த ஓராண்டுக்குள் கோச்சிங் கட்டணம் வரும், வீட்டில் தங்கைக்குக் கல்யாணப் பேச்சு வரும், மீன்பிடித் தடைக்காலம் வரும். கடனில் படிக்கும் வீட்டில் ‘அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’ என்பது பல நேரம் ‘வேண்டாம்’ என்பதன் மரியாதையான வடிவம்.

கடினமான மறுப்பு ஒன்று உண்டு. இடம் ஒருவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. அவரும் தவறு செய்யாதவர். அவரை எழுப்பிவிட்டு இன்னொருவரை உட்காரவைப்பது எப்படி நியாயம்? மேலும் சேர்க்கை என்றாவது முடிய வேண்டாமா? இரண்டும் உண்மையான கவலைகள். இதற்கான விடையை 2019 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆந்திரத்தைச் சேர்ந்த ஒரு மாணவியின் வழக்கில், தன் தரப்பில் எந்தத் தவறும் இல்லாமல், உடனடியாக முறையிட்டும் நிர்வாகத்தின் பிழையால் மருத்துவ இடம் மறுக்கப்பட்டவருக்கு இழப்பீடு மட்டும் போதாது; அரிதான நேர்வுகளில் ஓரிரு இடங்களைக் கூட்டியாவது அதே ஆண்டில் சேர்க்கலாம், முடியாவிட்டால் அடுத்த ஆண்டில் இடம் தர வேண்டும் என்று சொன்னது. பணம் கொடுத்து முடித்துவிடலாம் என்ற 2014இன் தீர்ப்பை மாற்றி எழுதியது அது. யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. ஒரு நாற்காலி கூடுதலாகப் போட்டால் போதும். 2020 ஆகஸ்டில் பிரிட்டனில், தேர்வு நடக்காததால் கணினிச் சூத்திரம் கொடுத்த ஏ-லெவல் தரங்களில் ஏறத்தாழ 40 சதவீதம் ஆசிரியர்களின் கணிப்பைவிடக் குறைந்திருந்தபோது, 13ஆம் தேதி வெளியானதை 17ஆம் தேதி கைவிட்டார்கள். மருத்துவ இடங்களுக்கு இருந்த உச்சவரம்பையும் தளர்த்தினார்கள். நான்கே நாள். இலங்கையில் 2011இன் உயர்தரத் தேர்வில் பழைய, புதிய பாடத்திட்ட மாணவர்களை ஒரே இசட்-புள்ளிக் கணக்கில் சேர்த்ததால் மாவட்ட வரிசைகளே குழம்பின. 2012 ஜூனில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் தனித்தனியாகக் கணக்கிட உத்தரவிட்டது. தமிழ், சிங்கள மாணவர்கள் எல்லோரும் பல்கலைக்கழக வாசலுக்கு வெளியே மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். நான்கு நாளுக்கும் பல மாதங்களுக்கும் உள்ள வேறுபாடு நாட்டின் செல்வத்தால் மட்டும் வந்தது என்று நான் நம்பவில்லை. பிரிட்டனில் அரசு தானே பின்வாங்கியது. மற்ற இடங்களில் நீதிமன்றம் சொல்லும்வரை காத்திருந்தார்கள்.

நீதிமன்றம்தான் இருக்கிறதே, அங்கே போகலாமே என்பதும் ஒரு பதிலாகச் சொல்லப்படுகிறது. 2025 மே 4 அன்று ஆவடியில் ஒரு மையத்தில் நீட் தேர்வு நடந்தபோது மழையில் மின்சாரம் போனது. மறுதேர்வு கேட்டு மாணவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். முதலில் இடைக்காலத் தடை; ஜூன் 6 அன்று மனுக்கள் தள்ளுபடி. இருபது லட்சத்துக்கு மேற்பட்டோர் எழுதிய தேர்வில் ஒரு மையத்துக்காக மறுதேர்வு வைத்தால் சமநிலை கெடும் என்பது புரிந்துகொள்ளக்கூடிய காரணமே. என் கேள்வி வேறு: மின்சாரம் போனது அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே, மையக் கண்காணிப்பாளருக்குத் தெரியும். வெளிச்சத்தின் அளவையோ இழந்த நிமிடங்களையோ அன்றே பதிவு செய்து, அங்கேயே நேரம் நீட்டித்திருந்தால் வழக்குக்கே இடமிருந்திருக்காது. இழப்பை மெய்ப்பிக்கும் பொறுப்பு ஒரு மாதம் கழித்து மாணவர் தலையில் விழுந்திருக்காது. ஆவடிக்கு உயர் நீதிமன்றம் எட்டும் தூரம். கூவத்தூரிலிருந்தோ செய்யூரிலிருந்தோ ஒரு பிள்ளை வழக்கறிஞர் தேடி, மனு எழுதி, விசாரணைக்கு நான்கு முறை சென்னைக்குப் போய்வருவது என்பது அவர் தந்தை நான்கு நாள் கடல் தொழிலை இழப்பது. நீதிமன்றம் வரை வந்த வழக்குகளை வைத்துச் சேர்க்கைத் தவறுகளின் எண்ணிக்கையை அளந்தால், பஸ் கட்டணம் இருந்தவர்களை மட்டும் எண்ணியவர்களாவோம்.

ஆகவே கேட்க வேண்டியது பெரிய சீர்திருத்தம் எதுவும் இல்லை. ஓடும் கடிகாரத்தை யார் நிறுத்தலாம் என்ற ஒரே ஏற்பாடு. தவறு மாணவர் பக்கத்தில் இல்லை என்று முதல் பார்வைக்குத் தெரிந்தால், முறையீடு தீரும்வரை கடைசித் தேதி அவருக்குப் பொருந்தாது என்று சேர்க்கை விதியிலேயே எழுதலாம். ஒவ்வொரு படிப்பிலும் சில மிகை இடங்களைத் தவறு திருத்தத்துக்கென்று ஒதுக்கி, முறையீடுகள் தீர்ந்தபின் மிஞ்சுவதைக் கைவிடலாம். 2019 தீர்ப்பு நீதிமன்றத்துக்குக் கொடுத்த அதிகாரத்தைத்தான் இது அதிகாரிக்குக் கொடுக்கிறது. சான்றிதழ் அரசு மேசையில் கிடக்கிறது என்றால், அதற்கு விண்ணப்பித்த ரசீதையே தற்காலிகச் சான்றாக ஏற்று இடம் கொடுத்து, விசாரணை பொய்த்தால் ரத்து செய்யலாம். முறையீட்டைச் சென்னையிலோ டெல்லியிலோ அல்லாமல் செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்திலேயே வாங்கி, ஏழு நாளில் எழுத்தில் காரணம் சொல்லும் ஓர் அலுவலரை மே முதல் செப்டம்பர் வரையாவது உட்கார வைக்கலாம். இதனால் பொய் முறையீடு பெருகும் என்று அஞ்சுபவர்களுக்கு: கடிகாரம் நிற்பது முறையீட்டுக்கு மட்டும்தான், இடம் கிடைப்பது மெய்ப்பித்தால்தான். சேர்க்கை அட்டவணை குலையும் என்று அஞ்சுபவர்களுக்கு: அட்டவணை ஏற்கெனவே ஒவ்வோர் ஆண்டும் நீதிமன்றங்களால் குலைந்துகொண்டுதான் இருக்கிறது, யாரும் எதிர்பாராத நாள்களில்.

2018இல் தமிழில் நீட் எழுதிய அந்த 24,720 பேருக்கு இன்று இருபத்தைந்து வயதை ஒட்டி இருக்கும். அவர்களில் சிலர் மறு ஆண்டு எழுதி மருத்துவரானார்கள், பலர் வேறு படிப்புக்கும் வேறு வேலைக்கும் போனார்கள். அதே ஆண்டு நவம்பர் 22இன் தீர்ப்பு 196 மதிப்பெண்ணை நீக்கியது. 49 கேள்விகள் அச்சான படியே நின்றன.